பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். 11 வருடம் லைனில் சூப்பர்வைசராக இருந்தேன். இரண்டு வருடமாக ட்ரெயினிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். செக்‌ஷன் என்றால் நான் ஒருவன்தான். பயிற்சித் துறையில் இருப்பவர்களுக்கென்று உள்ள சங்கத்தில் சேரச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேலைக்கு உதவும் என்கிறார். சந்தாவைக் கம்பெனி கட்டுமா என்று எச்.ஆர். மேலாளரிடம் கேட்டேன். "அதனால கம்பெனிக்கு என்ன லாபம்?" என்றார். வீட்டிலும் அதே கேள்விதான். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. எம்.பி.ஏ. படித்தவர்கள் நடுவில் போய் என்ன செய்யப் போகிறேன் என்று தயக்கமாகவும் இருக்கிறது. சேரலாமா ஐயா?
— பெயர் வேண்டாம், காஞ்சிபுரம் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

சேருங்கள். ஆனால் நண்பர் சொல்லும் காரணத்துக்காகச் சேர்ந்தால் ஒரு வருடத்தில் அலுத்துவிடும். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து போட்டுக்கொள்வதால் உங்கள் லைனில் ஒரு ஆபரேட்டர்கூடச் சீக்கிரம் வேலை கற்றுக்கொள்ளப் போவதில்லை. அடுத்த வேலைக்கு உதவுமா என்றால், கொஞ்சம் உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "செக்‌ஷன் என்றால் நான் ஒருவன்தான்." எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். உங்கள் ஆலையில் குவாலிட்டி இன்ஜினியர் ஒரு ரிப்போர்ட்டைத் தப்பாக எழுதினால் அவருக்கு மேலே இருப்பவர் பிடித்துவிடுவார். மெயின்டனன்ஸில் ஒரு பையன் பேரிங்கைத் தப்பாக அடித்து ஏற்றினால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் சத்தம் போடுவார். நீங்கள் டோஜோவில், அதாவது லைனுக்கு அனுப்புமுன் ஆட்களைப் பழக்கும் பயிற்சிக்கூடத்தில், பாடம் எடுப்பது நன்றாக இருக்கிறதா, சுமாரா என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் காம்பவுண்டுக்குள் யார்? எச்.ஆர். மேலாளர் பார்ப்பது ட்ரெயினிங் காலண்டரையும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் பயிற்சி என்ற மேன்-டேஸ் கணக்கையும். ஆடிட்டர் வந்தால் வாகனத் தொழிலின் தரவிதிமுறையான ஐ.ஏ.டி.எஃப். 16949-ன் 7.2-ஆம் பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் எங்கே, பதிவேடு எங்கே, பயிற்சிக்குப் பலன் இருந்ததென்று எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பார். ஃபைல் சரியாக இருந்தால் அடுத்த டிபார்ட்மென்டுக்குப் போய்விடுவார். ஒரு காலை முழுக்க டோஜோவில் உட்கார்ந்திருந்துவிட்டு, "போல்ட் முடுக்கும் கன்னை அவன் கையில் கொடுப்பதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் பேசிவிட்டீர்களே" என்று உங்களிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நல்ல பழக்கமும் கெட்ட பழக்கமும் ஒன்றுபோலவே கெட்டிப்பட்டுப் போகும்.

அப்படிச் சொல்லக்கூடிய ஆட்களைத் தேடிப் போகும் இடம்தான் சங்கம். சேரச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணம் இது ஒன்றுதான்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான பெரிய சங்கம் பிறந்த கதையும் இதை ஒட்டியதே. இரண்டாம் உலகப் போர் நேரம். பழகிய ஆட்கள் படைக்குப் போய்விட்டார்கள். ஆலையையே பார்த்திராதவர்களைச் சீக்கிரம் மெஷினுக்குப் பழக்கியாக வேண்டும். 1942-ல் நியூ ஆர்லியன்ஸில் பெட்ரோலியத் தொழில் அமைப்பின் கூட்டத்துக்கு வந்திருந்த பயிற்சி அலுவலர்கள் சிலர் நமக்கென்று தனியாக ஓர் அமைப்பு வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அது ஏ.எஸ்.டி.டி. என்று வளர்ந்து, 2014-ல் ஏ.டி.டி. என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு கம்பெனியிலும் ஒருவர் இருவராகத் தனித்துக் கிடந்தவர்கள், வெளியில் வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால் என்ன விளைந்தது என்பதற்கு உங்கள் மேஜையிலேயே சான்று இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் ஆபரேட்டர்களிடம் ஃபீட்பேக் படிவம் கொடுக்கிறீர்கள் அல்லவா? எல்லோரும் "எக்ஸலென்ட்" என்று டிக் அடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்களே, அந்தப் படிவம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற விஸ்கான்சின் பேராசிரியர், பயிற்சியை அளக்க நான்கு படிகள் உண்டு என்று எழுதினார். வகுப்பு பிடித்ததா, விஷயம் மண்டையில் ஏறியதா, வேலைக்குத் திரும்பியபின் அதைச் செய்கிறாரா, செய்ததால் நிறுவனத்தில் ஏதாவது மாறியதா. உங்கள் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. உலகத்தில் முக்கால்வாசிப் பயிற்சித் துறைகள் அங்கேதான் நிற்கின்றன என்பது என் கணிப்பு. இந்த நான்கு படிகளை அவர் முதலில் வெளியிட்டது அந்தச் சங்கத்தின் பத்திரிகையில், 1959 நவம்பரில் தொடங்கி நான்கு கட்டுரைகளாக. அவரே விரித்து எழுதிய புத்தகம் வந்தது 1994-ல். 1975-ல் அந்தச் சங்கத்துக்கு அவர் தலைவராகவும் இருந்தார். இன்று கல்லூரிப் பாடத்தில் இருக்கும் விஷயத்தை அன்றைய உறுப்பினர்கள் தபாலில் வந்த பத்திரிகையில் சுடச்சுடப் படித்திருக்கிறார்கள்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துவது ஐ.எஸ்.டி.டி. எனப்படும் இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கம். 1970-ல் தொடங்கியது; தலைமையகம் டெல்லியில்; சென்னையில் கிளை இருக்கிறது, அவர்கள் சாப்டர் என்பார்கள். பத்திரிகை நடத்துகிறார்கள். பயிற்சித் துறைக்கென்றே ஒரு டிப்ளமோவும் உண்டு. இதை விட்டால் என்.ஐ.பி.எம். இருக்கிறது, கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த இரண்டு பழைய அமைப்புகள் 1980-ல் இணைந்து உருவானது. பர்சனல், தொழிலாளர் சட்டம், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை இதெல்லாம் அங்கே பலம். உங்கள் எச்.ஆர். மேலாளர் அதில் உறுப்பினராக இருந்தாலும் இருப்பார். என்.எச்.ஆர்.டி. நெட்வொர்க் 1985-ல் வந்தது. அங்கே பெரும்பாலும் எச்.ஆர். தலைவர்களின் பேச்சு. எம்.எம்.ஏ. என்கிற மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் 1956-லிருந்து இருக்கிறது. நிர்வாகம் பற்றிய பொதுவான சொற்பொழிவுகளுக்கு நல்ல இடம், டோஜோ பற்றிப் பேச அல்ல. ஏ.டி.டி.யின் சந்தாவும் தேர்வும் டாலரில். பன்னாட்டுக் கம்பெனியின் பயிற்சித் தலைவர் பதவிக்குக் குறி வைக்கும்போது அதை யோசிக்கலாம், இப்போது வேண்டாம்.

இந்தப் பெயர்களெல்லாம் மிரட்டினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசராக இருந்தபோது குவாலிட்டி சர்க்கிள் டீமை அழைத்துக்கொண்டு, குவாலிட்டி சர்க்கிள்களுக்கான இந்திய அமைப்பான க்யூ.சி.எஃப்.ஐ. நடத்தும் போட்டிக்குப் போயிருப்பீர்கள், அல்லது போனவர்களை அனுப்பி வைத்திருப்பீர்கள். அதுவும் 1982-ல் தொடங்கிய ஒரு சங்கம்தான். வேறு கம்பெனி ஆபரேட்டர்கள் மேடையேறித் தங்கள் வேலையில் செய்த சின்ன முன்னேற்றத்தை, அதாவது கைசனைச் சொல்லும்போது, "அட, இதை நாமும் செய்யலாமே" என்று உங்கள் பையன்கள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள். ஆபரேட்டருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு பயிற்சி அலுவலருக்கு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம், ஒரு ஹால், ஒரு பேச்சாளர், ப்ரொஜெக்டர். பேச்சாளர்களில் பாதிப் பேர் கன்சல்டன்ட்கள்; பேச்சின் கடைசி ஸ்லைடில் அவர்களுடைய போன் நம்பர் இருக்கும். சிலர் உண்மையிலேயே நன்றாகப் பேசுவார்கள். நான் எப்போதும் எதிர்பார்த்துப் போனது பேச்சு முடிந்து வடையும் காப்பியும் கொடுக்கிற நேரத்தை. அங்கே டயர் கம்பெனியில் பயிற்சி பார்ப்பவர், மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு வகுப்பு எடுப்பவர், வங்கியின் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அப்போது உங்கள் கையில் ஒரு பிரச்சினை இருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் விசிட்டிங் கார்டோடு திரும்பி வருவீர்கள்.

என்ன மாதிரிப் பிரச்சினை? உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் டோஜோவில் போல்ட் டைட் செய்யும் டெஸ்டில் எல்லோரும் பாஸ். லைனுக்குப் போன இரண்டாவது வாரத்தில் அதே ஸ்டேஷனில் ரீவொர்க், அதாவது தப்பாகச் செய்ததைத் திருத்தும் வேலை, ஏறுகிறது. உங்கள் ஆலையில் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்: "ரெஃப்ரெஷர் ட்ரெயினிங் போடுங்க." அடுத்த மாதக் காலண்டரில் இரண்டு மணி நேரம் ஏறும். பையன்கள் மறுபடி பாஸ் பண்ணுவார்கள். ரீவொர்க் அப்படியே இருக்கும்.

இதே விஷயத்தைக் காப்பி நேரத்தில் இன்னொரு பயிற்சிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்பது வேறு மாதிரி இருக்கும். டோஜோவில் இருக்கும் கன்னும் லைனில் இருக்கும் கன்னும் ஒன்றா? டோஜோவில் அவனுக்கு எத்தனை விநாடி கொடுத்தீர்கள், லைனில் எத்தனை? பார்ட் அங்கே இடுப்பு உயரத்தில் இருந்ததா, இங்கே தோள் உயரத்தில் வருகிறதா? லைனில் முதல் மூன்று நாள் அவன் பக்கத்தில் நின்றது யார், நின்றவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா? லைன் லீடர் கவுன்ட் வரவில்லை என்று கத்தும்போது பையன் எந்த வேலையை விடுகிறான்? கடைசியில் ஒன்று கேட்பார், இந்தத் தொழிலில் பழைய கேள்வி அது: உயிர் போகும் என்று சொன்னால் அவன் அந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுவானா? செய்துவிடுவான் என்றால் அவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது. மறுபடி சொல்லிக்கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ராக் உயரத்தை மாற்ற வேண்டும், அல்லது லீடரிடம் பேச வேண்டும், அல்லது விநாடிக் கணக்கைத் திருத்த வேண்டும். செய்யமாட்டான் என்றால்தான் பயிற்சி.

கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்ட மேலாளருக்கு இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. நடத்தாமல் விட்ட ஒரு தேவையில்லாத ரெஃப்ரெஷர் வகுப்பு என்பது இருபது பேர் லைனில் நின்ற இரண்டு மணி நேரம். அதை ரூபாயாக்கிப் பார்க்க அவருக்கு உங்கள் உதவி தேவைப்படாது.

போர்க்கால அமெரிக்க அரசு டி.டபிள்யூ.ஐ. என்ற திட்டத்தில் லைன் லீடர்களுக்கு ஒரு சிறிய அட்டை கொடுத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவு. ஆளைத் தயார் செய், செய்து காட்டிச் சொல், அவனைச் செய்ய விட்டுப் பார், பிறகு அடிக்கடி போய்க் கவனி என்று நான்கு படி. தொழிலாளி கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம் என்பது அவர்களுடைய வாசகம். போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், டொயோட்டா வழியாகச் சுற்றி, நம் ஒரகடம் லைன்களுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. பெயர் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம். நாலாவது படியைத்தான் எல்லா ஆலையிலும் விட்டுவிடுகிறார்கள். ஏன் விடுகிறார்கள், நீங்கள் எப்படி விடாமல் பார்க்கிறீர்கள் என்று நாலு கம்பெனிக்காரர்களைக் கேட்டுக்கொண்டு வந்தாலே முதல் வருடச் சந்தா செரித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வெளியே பேசும்போது வாடிக்கையாளர் பெயர், ட்ராயிங், ரிஜெக்‌ஷன் பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது என்ற கணக்கு), புது மாடல் எப்போது லைனில் ஏறுகிறது இவை எதுவும் வாயில் வரக் கூடாது. வேலையில் சேரும்போது ரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எடுத்து ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். "ஒரு டைட்டனிங் ஸ்டேஷனில்" என்று சொன்னால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். கேட்டால் அவரிடம் கவனமாக இருங்கள்.

இங்கிலீஷ் விஷயம். ஸ்லைடும் பத்திரிகையும் இங்கிலீஷில்தான் இருக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் சென்னைக் கூட்டங்களில் கேள்வி-பதில் நேரம் வந்தால் பேச்சு தானாகவே பாதி தமிழுக்கு வந்துவிடும். நீங்கள் தமிழில் கேளுங்கள். எம்.பி.ஏ. படித்தவர்களைப் பற்றிப் பயப்படுகிறீர்கள், லைனில் 11 வருடம் நின்ற ஒருவரைப் பார்த்தால் அவர்களில் பலர் ஓரமாக அழைத்துப் போய், "ஆபரேட்டர் கிளாஸ்ல தூங்காம இருக்க என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, உங்கள் லைனில் இப்போது பாதிப் பையன்கள் ஒடியாவோ இந்தியோ வங்காளமோ பேசுகிறவர்களாக இருப்பார்கள். தமிழும் புரியாத, இங்கிலீஷும் புரியாத ஒருவருக்குப் படத்தையும் கையையும் வைத்து வேலை கற்பிப்பது எப்படி என்பதுதான் இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பயிற்சி அலுவலர்களின் பெரிய தலைவலி. அதற்கு விடை எம்.பி.ஏ. புத்தகத்தில் கிடையாது. நீங்கள் ஏதாவது செய்து பார்த்து அது பலித்திருந்தால், ஒரு கூட்டத்தில் பதினைந்து நிமிஷம் அதைச் சொல்ல இடம் கேளுங்கள். பேச்சாளர் கிடைக்காமல் திண்டாடும் செயலாளர்தான் எல்லாச் சங்கத்திலும் இருப்பார்.

இரண்டாம் வருடம் முடிந்தால் கிளையின் வேலை எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி ஏற்பாடு, ஆலைப் பார்வை, பதிவு மேஜை, எதுவானாலும் சரி. பேச்சாளரை அழைக்கப் போகும் சாக்கில் நீங்கள் சாதாரணமாகச் சந்திக்க முடியாதவர்களைச் சந்திப்பீர்கள். சங்க அரசியலும் இருக்கும், இல்லை என்று சொன்னால் பொய். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளை அதே நாலு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் கிளைகள் நாட்டில் உண்டு. அதனால்தான் சேர்வதற்கு முன் இரண்டு கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள் என்கிறேன். இளைஞர்கள் கேள்வி கேட்கிறார்களா, கேட்டால் பதில் வருகிறதா, ஆலைக்காரர்கள் எத்தனை பேர், கன்சல்டன்ட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டிருந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இப்போது நண்பர் சொன்ன "அடுத்த வேலை". நம் நாட்டில் பயிற்சி அலுவலராக இருக்க லைசென்ஸ் எதுவும் கிடையாது. வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி இங்கே ஒன்று இல்லை. ஆகவே உறுப்பினர் அட்டை உங்களுக்கு எந்தச் சட்ட உரிமையையும் தராது. ஐ.எஸ்.டி.டி. டிப்ளமோ வேறு விஷயம். அதைப் படித்தால் பயிற்சித் தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது, பாடத்தை எப்படி அமைப்பது, பலனை எப்படி அளப்பது என்று வரிசையாகப் படித்தாக வேண்டும். லைனிலிருந்து நேராகப் பயிற்சிக்கு வந்த உங்களுக்கு இடையில் விட்டுப்போன பகுதி அதுதான். டிப்ளமோவைப் பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே போனபின் "நீங்கள் எதை மாற்றினீர்கள்" என்று கேட்பார்கள். முதல் வருடம் உறுப்பினராக இருந்து பார்த்துவிட்டு, பிடித்தால் அடுத்த வருடம் டிப்ளமோவில் சேருங்கள்.

சான்றிதழ் கட்டாயமாகும் இடங்கள் சில உண்டு, அவற்றைச் சங்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் பயிற்றுநராகப் போக வேண்டுமென்றால் அந்தந்தத் துறைத் திறன் கவுன்சிலின் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும்; வாகனத் துறைக்கு ஏ.எஸ்.டி.சி. என்ற கவுன்சில். சிங்கப்பூரில் டபிள்யூ.எஸ்.க்யூ. என்ற அரசுத் திறன் முறையின் பாடங்கள் எடுக்க ஏ.சி.எல்.பி. என்ற பயிற்றுநர் சான்றிதழ் கேட்பார்கள், முன்பு ஏ.சி.டி.ஏ. என்று இருந்தது. மலேசியாவில் எச்.ஆர்.டி. கார்ப் என்ற அரசு அமைப்பின் நிதியில் நடக்கும் வகுப்புகளுக்கு அவர்களுடைய பயிற்றுநர் சான்றிதழ் முறை தனி. நம் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் ஐ.எஸ்.டி.டி. அட்டையைக் காட்டினால் மரியாதையாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

சங்கம் என்ற பெயரில் வேறு சிலதும் வரும். "சிறந்த பயிற்சியாளர் விருதுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு மெயில். விருது வாங்கப் பதிவுக் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் கௌரவ டாக்டர் பட்டமே கிடைக்கும். நம் பயிற்சி உலகத்தில் இப்படிப் பட்டம் வாங்கிய டாக்டர்களைத் தடுக்கி விழாமல் நடக்க முடியவில்லை. உண்மையான சங்கத்துக்குப் பதிவு எண் இருக்கும், ஆண்டுப் பொதுக்குழு நடக்கும், தணிக்கை செய்த வரவு-செலவு இருக்கும், தேர்தல் இருக்கும், உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் ஆட்கள் கூடும் இடம் இருக்கும். போன் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் விட்டுவிடுங்கள்.

சந்தா விவரத்தைக் கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்; அது மாறிக்கொண்டே இருக்கும். என் யோசனை ஒன்றுதான்: முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும். ஆயுள் சந்தா கணக்குப் போட்டால் மலிவாகத் தெரியும். கட்டிவிட்டு ஒரு கூட்டத்துக்கும் வராத ஆயுள் உறுப்பினர்களின் பட்டியல் ஒவ்வொரு கிளையிலும் நீளமாக இருக்கிறது. கம்பெனியே நிறுவன உறுப்பினராகச் சேரவும் வழி உண்டு; அதை மேலாளரிடம் இரண்டாவது வருடம் பேசுங்கள், இப்போது பேசினால் உங்கள் சின்ன வேண்டுகோளும் சேர்ந்து பெட்டிக்குள் போய்விடும்.

மேலாளரிடம் வாயால் கேட்காதீர்கள். நாலு வரி மெயில் போடுங்கள். விஷயம் இப்படி இருக்கட்டும்:

"ஐயா, பயிற்சிச் சங்கத்தின் ஒரு வருடச் சந்தாவுக்கு அனுமதி கேட்கிறேன். இந்த வருடம் இரண்டு பிரச்சினைகளுக்கு வெளியில் வழி தேட நினைக்கிறேன்: புதியவர்கள் லைனுக்குப் போன முதல் மாதத்தில் வரும் ரீவொர்க்; தமிழ் தெரியாத ஆபரேட்டர்களுக்கான பயிற்சி முறை. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஒரு பக்கக் குறிப்பு தருகிறேன். வருட முடிவில் இந்த இரண்டிலும் என்ன மாறியது என்று எண்ணிக்கையோடு காட்டுகிறேன். ஒன்றும் மாறவில்லை என்றால் அடுத்த வருடம் சந்தாவைக் கேட்க மாட்டேன்."

கடைசி வரி முக்கியம். அதை எழுதும் மனிதருக்கு 'முடியாது' என்று சொல்ல மேலாளர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர் மனதில் இன்னொரு பயமும் இருக்கலாம்: வெளியே நாலு பேரைப் பார்த்தால் இவன் வேலையை விட்டுப் போய்விடுவானோ என்று. அந்தப் பயம் நியாயமானதுதான். காப்பி நேரத்தில் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் நிற்பார்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவர் எடுத்தால், டோஜோவைப் பார்த்துக்கொள்ள இரண்டாவதாக ஒருவரைத் தயார் செய்ய அனுமதி கேளுங்கள். ஒருவர் மட்டும் உள்ள செக்‌ஷன் கம்பெனிக்கும் நல்லதல்ல.

மேலாளர் மறுத்தாலும் கைக்காசைப் போட்டுச் சேருங்கள் என்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: வருடத்தில் பாதிக் கூட்டங்களுக்காவது உங்களால் போக முடிய வேண்டும். ஒரகடத்திலிருந்து ஷிஃப்ட் முடிந்து கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டிச் சென்னைக்குள் போய்ச் சேர்வது எனக்குத் தெரியாததல்ல. அது முடியாது என்றால் சந்தா கட்டி லாபமில்லை. அதற்குப் பதில் சிப்காட்டுக்குள்ளேயே பக்கத்துக் கம்பெனிப் பயிற்சி அலுவலர்கள் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து, மாதம் ஒருமுறை ஒருவர் டோஜோவை மற்றவர்கள் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு பக்க மேலாளர்களின் அனுமதியும் வேண்டும். ஒரே வாடிக்கையாளருக்குப் போட்டியாக சப்ளை செய்கிற கம்பெனிகளைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் கம்பெனி உதிரிபாக உற்பத்தியாளர்கள் சங்கமான ஆக்மாவில் இருந்தால், பல ஆலைகளைச் சேர்த்து அவர்கள் நடத்தும் கிளஸ்டர் வேலைகள் எதிலாவது உங்களைச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பெயர் சங்கமாக இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வகுப்பைப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தால் போதும்.

வீட்டில் கேட்ட கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அவர்களிடம் சம்பளம் கூடும் என்று சொல்லி அனுமதி வாங்காதீர்கள், உடனே கூடாது. சந்தாவைவிட அவர்களுக்குப் பெரிய செலவு உங்கள் சாயங்காலங்கள்தான். கூட்டம் எந்தத் தேதி என்று வருகிற மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் கிளையில் கேட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நாளில் வீட்டில் வேறு விசேஷம் இருந்தால் விசேஷத்துக்குப் போங்கள். கூட்டம் அடுத்த மாதமும் நடக்கும்.